ஏறி இறங்க வேண்டியவர் யார்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நடை என்பது மனிதன் கற்கும் முதற்கலை. தவழ்ந்த குழந்தை தளர்நடை பயின்று, ஒரு நாள் பிடியை விட்டுத் தானே நான்கடி எடுத்து வைக்கிறது. வீடே அதைக் கண்டு மகிழ்கிறது. அதே குழந்தை வளர்ந்து ஆளாகிச் சென்னை நகரத்துச் சாலையொன்றைக் கடக்க முற்படும்போது, "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்ற வாழ்த்தொலி காதில் விழுகிறது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் நாமும் சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் அந்த ஒரு வசவுக்குள் ஒரு சட்டமே அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? சாலை வண்டிக்கு உரியது. அதில் கால் வைப்பவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும். போனால் பொறுப்பு அவனுடையது. எந்தச் சட்டமன்றமும் இயற்றாத சட்டம் இது. ஆயினும் நாள் தவறாமல் நடைமுறையில் இருக்கிறது.

இதை நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரி அண்ணா சாலையின் மேல் இருக்கிறது. நம்மில் காரில் வந்து இறங்குவோர் மிகச் சிலர். பேருந்திலும், மின்ரயிலிலும், 2018இல் நந்தனத்தில் நிலையம் திறக்கப்பட்ட பின் மெட்ரோவிலும் வந்து, கடைசித் தொலைவைக் கால்நடையாகக் கடந்து வகுப்புக்குள் நுழைபவர்களே மிகப் பலர். அந்தக் கடைசித் தொலைவுதான் பயணத்திலேயே கடினமான பகுதி. மேலும், தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தச் சாலையின் மேல் நான்கு வழி உயர்மட்டச் சாலை அமைக்கும் பணி 2024இல் தொடங்கியது. நிற்காமல் விரைந்து செல்ல விரும்பும் வண்டிகளுக்கு மேலே ஒரு தனிச் சாலை. நல்லது. மேலே ஒரு சாலை வந்த பிறகு, கீழே இருக்கும் பழைய சாலை யாருக்காக? அதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். அதற்கும் அதே வேகம், அதே அகலம், அதே ஆரவாரம் என்றால், பாலம் கட்டியும் நடப்பவன் நிலை மாறவில்லை என்றே பொருள்.

வரலாறு படிப்பவன் என்ற முறையில் சற்றுப் பின்னோக்கிப் போக அனுமதி கேட்கிறேன். அண்ணா சாலை, மவுண்ட் ரோடு என்று அழைக்கப்பட்டது பரங்கிமலைக்குப் போகும் வழி என்பதால். மோட்டார் வண்டி என்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்தில் இந்த வழியில் பலர் நடந்தார்கள்; சிலர் பல்லக்கிலும் குதிரையிலும் போனார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க 1726இல் ஒரு பாலம் கட்டப்பட்டது. கட்டியவர் அரசர் அல்லர், ஆளுநரும் அல்லர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மலைக்கு யாத்திரை போகிறவர்கள் ஆற்றில் இறங்கித் துன்புறலாகாது என்று தம் சொந்தப் பணத்தில் கட்டினார். மலையேறுவதற்குப் படிகளும் அமைத்தார். பராமரிப்புக்கென்று நிதியும் வைத்துப் போனார். அந்தப் பாலத்தின் இடத்தில் இன்று நிற்பதுதான் மறைமலையடிகள் பாலம். ஆக, இந்தச் சாலையில் நமக்குத் தெரிந்த பழைய பொதுப்பணிகளுள் ஒன்று நடப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. பராமரிப்புக்கும் சேர்த்து நிதி ஒதுக்கினார் பாருங்கள், அதை நம் காலத்துத் திட்டங்களோடு ஒப்பிடும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்கிறேன்.

இனி இன்றைய கணக்கு. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். ஆண்டின் நாட்களால் வகுத்துப் பாருங்கள்: நாள் ஒன்றுக்குத் தொண்ணூறு பேர். நம் வகுப்பறை ஒன்றை நிரப்பி, வராந்தாவிலும் நிற்க வைக்கும் எண்ணிக்கை. அவர்கள் எவரையும் மோதிக் கொன்றவர்கள் அல்லர். கையில் ஸ்டீயரிங் இல்லை. காலடியில் பிரேக் இல்லை. உடம்பைச் சுற்றி இரும்புக் கூடும் இல்லை. ஆயினும் மறுநாள் செய்தித்தாளில் எப்படி வருகிறது? "சாலையைக் கடக்க முயன்றவர் பலி." முயன்றவராம்! இமயத்தில் ஏற முயன்றவர் என்பதுபோல. வண்டி எந்த வேகத்தில் வந்தது, அந்த இடத்தில் கடப்பதற்கு வழி இருந்ததா, விளக்கு எரிந்ததா என்ற செய்திகள் பெரும்பாலும் அந்த நான்கு வரிகளுக்குள் இடம் பெறுவதில்லை.

இதற்கு மருந்து என்ன என்று கேட்டால் உடனே கிடைக்கும் விடை ஒன்று உண்டு: "நடைமேம்பாலம் கட்டு." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வண்டி கீழே போகட்டும், மனிதன் மேலே போகட்டும். இருவரும் சந்திக்கவே வேண்டாம். இந்த விடையை நான் ஏற்கவில்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் முதன்மையாக அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேருந்தும் லாரியும் தட்டாமல் போக, பாலத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர். ஒரு படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்றால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பதாயின், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், ஒரு பக்கத்துக்கு மட்டும் 72 மீட்டர் நீளம் வேண்டும். இருபது மீட்டர் அகலச் சாலையைக் கடக்க இத்தனை ஏற்ற இறக்கம்! சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துக்கடைக்குப் போய்வர ஒரு மூதாட்டி நாற்பது படியை நான்கு முறை காணவேண்டும். மூட்டுவலிக்கு மருந்து வாங்கப் போகிறவராக அவர் இருந்துவிட்டால் என்ன சொல்வது? காரில் இருப்பவருக்கோ வலது காலைச் சற்றே அழுத்தினால் வண்டி நின்றுவிடும். ஒருவர் நாற்பது படி ஏறவேண்டும் அல்லது மற்றவர் அரை நிமிடம் நிற்கவேண்டும் என்ற நிலையில், வியர்க்க வியர்க்க ஏறவேண்டியவர் நடப்பவரே என்று நாம் முடிவு செய்கிறோம். இந்த முடிவுக்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. யாருடைய நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்ற எண்ணம்தான் காரணம்.

மின்தூக்கி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வேலை செய்யும் நாட்களில் போதும். மழைக்காலத்தில் "பழுது" என்ற அட்டை தொங்கும் மின்தூக்கியின் முன் நின்றவர்களுக்கு நான் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. சுரங்கப்பாதையாயினும் இதே கதைதான். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர், மற்ற மாதங்களில் இருட்டு. இரவு எட்டு மணிக்கு மேல் ஆளரவமற்ற சுரங்கப்பாதையில் தனியே இறங்க நம் சகோதரிகள் தயங்குவதில் வியப்பில்லை. பாதுகாப்புக்காகக் கட்டிய பாதையே அச்சம் தருவதானால், மக்கள் மேலேயே ஓடிக் கடப்பார்கள். கடக்கிறார்கள். பிறகு அவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்கிறோம்.

எல்லா உயர்நடைபாதையும் வீண் என்று நான் சொல்லவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை 570 மீட்டர் நீளம் கொண்டது. அங்கே மக்கள் ஏற்கெனவே ரயில்வே நடைமேம்பாலத்தின் உயரத்திலிருந்து வருகிறார்கள். தண்டவாளத்தைக் கடந்தே தீரவேண்டும். ரயிலை நிறுத்தி வழிவிடச் சொல்ல முடியாது. அங்கே அது பொருந்துகிறது. தண்டவாளத்துக்குப் பொருந்துவது தெருவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

என் நண்பர் ஒருவர் பார்வையற்றவர். வேறு துறையில் படிக்கிறார். வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே வந்து போவார். கையைப் பிடித்தால் கோபித்துக்கொள்வார். அவரோடு ஒரு மாலை நடந்து சென்றபோது சாலையை அவர் எப்படி அறிகிறார் என்று கேட்டேன். "காதால்தான். பஸ் எது, லாரி எது, ஆட்டோ எது என்று நூறடிக்கு முன்னாலேயே தெரியும். இப்போது வருகிற பேட்டரி ஸ்கூட்டர்தான் தெரிவதில்லை. பக்கத்தில் காற்று அடித்த பிறகுதான் ஒன்று போய்விட்டதென்று தெரிகிறது" என்றார். நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் வரியோட்டுக் கற்களைக் காலால் தேடிக் காட்டினார். கோடு நேராகப் போய் ஒரு மின்பெட்டியில் முட்டி நின்றது. "இதுவரை கொண்டு வந்து விட்டார்களே, அதற்கே நன்றி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகை குறையவேண்டும் என்று மின்வண்டிகளை வரவேற்கிறோம், வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஓசையையே கண்ணாகக் கொண்டவர்களுக்கு மாற்று என்ன? பச்சை விளக்கோடு ஒலியும் எழுப்பும் கடவை வேண்டும். அதைவிட முதன்மையாக, வண்டியின் வேகம் குறையவேண்டும்.

வேகம் என்றதும் பலருக்கு முகம் சுளிக்கிறது. இயற்பியல் துறை நண்பர் ஒருவரைக் கணக்கிட்டுத் தரச் சொன்னேன். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, உலர்ந்த சாலை, நல்ல பிரேக். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தால் வண்டி ஏறத்தாழ 13 மீட்டரில் நிற்கிறது. 60 கிலோமீட்டரில் வந்தால் 36 மீட்டருக்கு மேல் ஆகிறது. அதாவது மெதுவாக வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், விரைந்து வந்த வண்டியின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை! வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இது பள்ளியிலேயே படித்த பாடம்தான். மனித எலும்பு மட்டும் அதே பழைய எலும்பு.

"அப்படியானால் எப்போது போய்ச் சேர்வது?" என்று கேட்பார்கள். தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரையுள்ள அந்த 3.2 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். எங்கும் நிற்காமல் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 30இல் போனால் ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வேற்றுமை இரண்டரை நிமிடம். அதுவும் எங்கும் நிற்காமல் போனால்! அடுத்த சிக்னலில் நின்று காத்திருக்கப் போகிறவர்தான் இந்தச் சிக்னலிலிருந்து அம்புபோலப் பாய்கிறார். தவிர, அவசரக்காரருக்கு மேலே பாலம் இருக்கும்போது கீழே 30 என்று வைப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் உச்சவேகம். ஏழு லட்சத்தை எட்டும் மக்கள் வாழும் அந்நகரில் 2024 ஜூலை தொடங்கி ஓராண்டுக் காலத்தில் சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அது சிறிய நகரம், சென்னையோடு ஒப்பிடலாமா என்று கேட்டால், ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் அங்குள்ள கார் 60 கிலோமீட்டரில் நிற்பதற்கும் அதே 36 மீட்டர்தான் வேண்டும்.

சரி, தரையிலேயே கடப்பது என்றால் எப்படி? வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. வரிக்குதிரைக் கோடுகள் 1951இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தபோது, கோட்டின் மேல் ஒருவர் கால் வைத்துவிட்டால் வண்டி நின்று வழிவிடவேண்டும் என்ற சட்டமும் கூடவே வந்தது. நாம் கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டோம். இங்கே அந்தக் கோடு, சிவப்பு விளக்கில் நிற்கும் இருசக்கர வண்டிகள் முன்சக்கரத்தை வைத்துக்கொள்ள உதவும் வெள்ளைக் கோலமாக இருக்கிறது.

கடவை எங்கே வேண்டும் என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம் என்பது என் எண்ணம். நடுத்தடுப்பைப் பார்த்தால் போதும். எந்த இடத்தில் கம்பி வளைந்திருக்கிறதோ, எந்த இடத்தில் கல் பெயர்ந்து இடைவெளி விழுந்திருக்கிறதோ, அந்த இடத்தில் கடக்கத்தான் மக்கள் விரும்புகிறார்கள். வயலுக்குக் குறுக்கே ஒற்றையடிப் பாதை யார் போட்டது? கால்கள் போட்டவை. நகரத்துக் கால்களும் அப்படித்தான். பேருந்து நிறுத்தத்துக்கும் எதிர்ப்பக்கத்துத் தெருவுக்கும் இடையே நேர்க்கோடு போடும். நாமோ அந்த இடைவெளியை முள்கம்பியால் அடைத்துவிட்டு, அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடந்து, அரைக் கிலோமீட்டர் திரும்பி நடந்து வா என்கிறோம். காரில் இருப்பவருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது இரண்டு நிமிடம். தலையில் கூடையோடு நடக்கும் பெண்ணுக்கு அது கால் மணி நேரத்துக்கு மேல், சித்திரை வெயிலில்.

அப்படிப்பட்ட இடத்தில் விளக்குக் கடவை வைத்து, பச்சை விளக்குக்குப் போதிய நேரம் தரவேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் என்பது சுறுசுறுப்பாக நடப்பவர் வேகம். இருபது மீட்டர் சாலைக்கு அவருக்குப் பதினேழு நொடி வேண்டும். கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 25 நொடி. பல சிக்னல்களில் நான் பார்த்திருக்கிறேன்: பச்சை மனிதன் தோன்றுகிறான், நாம் நடுவழி சேர்வதற்குள் அவன் ஓடத் தொடங்குகிறான், பிறகு மறைந்தே போகிறான். அவனே அவ்வளவு அவசரப்பட்டால் நம் கதி என்ன? நடுவில் ஓர் அகலமான திட்டு இருந்தால் முதியவர் பாதி கடந்து, மூச்சு வாங்கி, மீதியை அடுத்த முறை கடக்கலாம். உட்புறத் தெருக்கள் வந்து சேரும் முனைகளில் கடவையை நடைபாதையின் மட்டத்துக்கே மேடையாக உயர்த்திக் கட்டலாம். அப்போது ஏறி இறங்குவது வண்டியின் வேலை. மனிதன் சமதரையில் நடப்பான். இதற்குத் தூண் வேண்டாம், உத்தரம் வேண்டாம், மின்தூக்கி வேண்டாம். ஒரு நடைமேம்பாலத்துக்கு ஆகும் செலவில் இப்படிப்பட்ட மேடைக் கடவைகள் பலவற்றைக் கட்டிவிடலாம். திறப்பு விழாவுக்குத்தான் அவ்வளவு பொலிவாக இராது.

"இடப்பக்கம் தடையின்றிச் செல்லலாம்" என்ற பலகையைப் பற்றியும் ஒரு சொல். சிவப்பு விளக்கை நம்பி ஒருவர் கடக்கத் தொடங்கும்போது, அவர் முதுகுப்பக்கமாக வளைந்து வரும் வண்டிக்கு மட்டும் விளக்கே இல்லை. தடையின்றி என்றால் யாருக்குத் தடையின்றி?

அடுத்தது நடைபாதை. அதன் விளிம்பு சாலையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றும், தடையற்ற நடைவழி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்றும் இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் விலகிப் போகும் அகலம் அது. நடைமுறையில் என்ன? ஒவ்வொரு கட்டட வாசலிலும் கார் நுழைய வசதியாக நடைபாதை சரிந்து இறங்குகிறது; வாசல் முடிந்ததும் மறுபடி ஏறுகிறது. பத்து வாசல் உள்ள தெருவில் நடந்தால் சிறு குன்றுகளைத் தாண்டிய களைப்பு. அதனால்தான் பலர் நடைபாதையை விட்டுச் சாலையோரத்திலேயே நடக்கிறார்கள். நடைபாதை மட்டம் மாறாமல் ஓடவேண்டும். கார்தான் அதன் மேல் ஏறி உள்ளே போகவேண்டும். இதிலும் அதே கேள்விதான்: ஏறி இறங்க வேண்டியவர் யார்?

நடைபாதையில் தடை என்றால் நம் கண் முதலில் கடை வைத்திருக்கும் எளியவர் மேல் போகிறது. இளநீர் வண்டியும் பூக்காரம்மாவும்தான் நமக்கு இடைஞ்சலாகத் தெரிகிறார்கள். அவர்களுக்கு அடுத்தாற்போல் வரிசையாக நிற்கும் நாற்பது மோட்டார் சைக்கிள்கள் தெரிவதில்லை. தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. இடம் வரையறுத்துக் கொடுத்து, குழு அமைத்து, முறைப்படுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. இரவு ஒன்பது மணிக்குத் தனியே நடந்து வரும் பெண்ணுக்கு, ஒரு சுண்டல் வண்டியின் விளக்கும் அங்கே நிற்கும் நான்கு பேரும் தரும் தைரியத்தை எந்தக் காவிரிப் பாலமும் தராது. நடப்பதற்கு 1.8 மீட்டர் விட்டுவிட்டு மீதியில் அவர்களுக்கும் இடம் ஒதுக்கினால் தெரு உயிரோடு இருக்கும்.

நடக்கக்கூடிய காரியமா என்று ஐயப்படுவோர் அதிகத் தொலைவு போகவேண்டாம். நம் கல்லூரியிலிருந்து பொடிநடையாகப் பாண்டி பஜாருக்குப் போய் வரலாம். சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த அங்காடி அது. தியாகராயர் பெயர் தாங்கிய சாலை. 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டி ஓடும் பகுதியைக் குறுக்கி, நடக்கும் பகுதியை அகலப்படுத்தினார்கள். இருக்கைகள் போட்டார்கள். வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். மாலையில் போய்ப் பாருங்கள்: துணி வாங்க வந்த குடும்பம் ஒரு பக்கம், எதுவுமே வாங்காமல் உட்கார்ந்திருக்கும் ஓய்வூதியர்கள் ஒரு பக்கம், ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகள் ஒரு பக்கம். தாயின் கை பிடிக்காமல் ஒரு குழந்தை ஓடக்கூடிய சாலையைச் சென்னையில் வேறு எங்கே காணலாம்? குறை இல்லாமல் இல்லை. தடுப்புக் குண்டுகளுக்கு இடையே சந்து கண்டுபிடித்து நுழையும் ஸ்கூட்டர்கள் அங்கேயும் உண்டு. எனினும், வணிகம் செழித்த ஒரு பெருஞ்சாலையை நடப்பவர்க்கு ஏற்றவாறு மாற்றி அமைக்க முடியும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் 1962இல் ஸ்ட்ராய்கெட் என்ற கடைத்தெருவில் கார்களைத் தடை செய்தபோது, எழுந்த எதிர்ப்புகளுள் ஒன்று வேடிக்கையானது: வெளியில் உலாவுவதெல்லாம் வெயில் காயும் தெற்கத்தி நாட்டார் வழக்கம், குளிர்நாட்டவருக்குச் சரிப்படாது என்றார்கள். இங்கே நாம் என்ன சொல்கிறோம்? வெயில் நாட்டில் யார் நடப்பார்கள் என்கிறோம்! அங்கே குளிர் தடை, இங்கே வெயில் தடை. கோபன்ஹேகன் மக்கள் கம்பளி போர்த்திக்கொண்டு நடந்தார்கள். நமக்குப் புங்கமும் வேம்பும் வாகையும் இருக்கின்றன. சாலை அகலப்படுத்த வெட்டுவதற்கு மட்டுமே மரம் நினைவுக்கு வரும் வழக்கத்தை மாற்றிக்கொண்டால், பத்து ஆண்டில் நிழல் கிடைக்கும். பாலத்தின் அடியில் நிழலுக்குப் பஞ்சமில்லை. அந்த நிழலை வண்டி நிறுத்துமிடமாக்காமல், கடந்து போகிறவர் நின்று செல்லும் இடமாக்கினால் போதும்.

சட்டத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. கடவையில் நடப்பவருக்கு வழிவிடவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. நடப்பதற்கேற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சியோ இன்னும் முன்னதாக, 2014இலேயே, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதை இலக்காகக் கொண்டது. காகிதத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். காகிதத்தில் இருப்பதைத் தரையில் கேட்பதற்கு ஆள் வேண்டும். காரில் போகிறவர் கேட்கமாட்டார். அவருக்குத் தேவை இல்லை. கேட்கவேண்டியவர்கள் நடப்பவர்களான நாம்தான்.

கேட்பதற்கு முன் நம் நண்பர்கள் சிலரிடம் ஒரு வேண்டுகோள். மாலையில் நெரிசல் மிகும்போது நடைபாதையில் ஏறி ஸ்கூட்டர் ஓட்டி, முன்னால் போகும் முதியவரை ஹாரன் அடித்து விலகச் சொல்கிறவர்கள் நம் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். தேநீர்க் கடை வாசலில் மஞ்சள் வரியோட்டுக் கற்களின் மேல் வண்டியை நிறுத்துவோரும் உண்டு. அந்தக் கற்கள் அழகுக்காகப் பதித்தவை அல்ல. அடுத்த மணி அடித்தால் அவற்றைக் கோலால் தேடி நடந்து வரப்போகிறவர் நம்மோடு படிப்பவர்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஊருக்கு வெளியே முகாம் போகிறோம். ஓராண்டு இந்தச் சாலையிலேயே முகாம் போட அனுமதியுங்கள். புவியியல் மாணவர்கள் நடைபாதையை அளக்கட்டும். புள்ளியியல் மாணவர்கள் எந்த மணிக்கு எத்தனை பேர், எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று எண்ணட்டும். நடுத்தடுப்பில் கம்பி வளைந்த இடங்களை நாங்கள் குறிக்கிறோம். பார்வையற்ற நண்பர்கள் முன்னே நடந்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்லட்டும். அந்தக் குறிப்புகளை ஒரு வரைபடமாக்கி, கல்லூரி வாயிலுக்கு எதிரே தரைமட்டத்தில் ஒரு விளக்குக் கடவை, இருபத்தைந்து நொடிப் பச்சை, நடுவில் இளைப்பாறும் திட்டு, பாலத்தின் கீழ்ச் சாலைக்கு 30 கிலோமீட்டர் உச்சவேகம் என்ற நான்கு கோரிக்கைகளோடு, கையொப்பமிட்டு, நெடுஞ்சாலைத் துறைக்கும் மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் நாமே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவோம். முதல் கையொப்பம் இடுவதற்கு நான் அணியமாக இருக்கிறேன்; இரண்டாவது கையொப்பத்தை அந்த நண்பர் ஏற்கெனவே கேட்டு வாங்கிக்கொண்டார்.